புடாபெஸ்டில் இரண்டு நாள்: ஏழாம் வட்டாரத்தை எந்த நேரத்தில் பார்ப்பது?

கேள்வி | 24 அக்டோபர் 2024, மாலை 6.10

நவம்பர் 22 வெள்ளி இரவு புடாபெஸ்ட் போய் ஞாயிறு மாலை திரும்புகிறோம். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் ‘ரூயின் பார்’ (ஏழாம் வட்டாரத்துப் பழைய, இடிந்த வீடுகளில் வைத்திருக்கிற பார்) தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. இணையத்தில் தேடினாலும் அதுவும் வெந்நீர்க் குளமும்தான் வருகின்றன. குடித்துக் கொண்டாடுகிற ஊர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பேசாமல் ப்ராக் போயிருக்கலாமோ? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் | 24 அக்டோபர், இரவு 9.40

நாங்கள் போய்வந்து நான்கு நாள்தான் ஆகிறது. 18 வெள்ளி இரவு முதல் 20 ஞாயிறு மாலைவரை. நாங்கள் நான்கு பேர், உங்களைப் போலவே ஒரே கல்லூரி. நான் வியன்னாவிலிருந்து ரயிலில் போனேன், மற்ற மூவரும் ஆளுக்கொரு ஊரிலிருந்து விமானத்தில் வந்தார்கள்.

குடித்துக் கொண்டாடுகிற ஊர் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் வெள்ளி இரவு இறங்கிப் பையை வைத்துவிட்டு நேரே பாருக்குப் போனால் ஊர் அப்படித்தான் தெரியும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். சனி மதியம்வரை எங்களுக்கும் உங்கள் எண்ணம்தான். எந்த இடத்தை எப்போது பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

25 அக்டோபர், காலை 7.15

முதலில் ஆறு. டான்யூபுக்கு மேற்கே மலையும் கோட்டையுமாக புடா, கிழக்கே சமவெளியில் பெஸ்ட். 1873-ல்தான் இரண்டையும், வடக்கே இருந்த பழைய புடாவையும் சேர்த்து ஒரே நகரம் ஆக்கினார்கள். தங்குவதும் சாப்பிடுவதும் பெஸ்டில், நின்று வேடிக்கை பார்ப்பது புடாவில். இது தெரிந்தால் பாதி வரைபடம் தெரிந்த மாதிரி.

இரண்டையும் இணைத்த முதல் நிலையான பாலம் சங்கிலிப் பாலம், 1849. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. சரியாக நூறாவது ஆண்டில், 1949-ல், மறுபடி திறந்தார்கள். இப்போது சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை, அதனால் நிதானமாக நடக்கலாம். இரு முனையிலும் கல் சிங்கங்கள். செதுக்கியவர் நாக்கை வைக்க மறந்துவிட்டார் என்பார்கள்.

நாங்கள் சனி மாலை ஐந்தரைக்குப் புடா மலைமேல் இருக்கிற மீனவர் கொத்தளத்தில் இருந்தோம். ஏழு கோபுரங்கள், இங்கு வந்து குடியேறிய ஏழு மாஜர் (ஹங்கேரியர்) குலங்களுக்காக. பார்க்கக் கோட்டை மாதிரி இருந்தாலும் 1902-ல் முடித்த அலங்காரக் கட்டடம்தான். அங்கிருந்து எதிர்க்கரையில் நாடாளுமன்றம் முழுசாகத் தெரியும். ஆறு மணிக்குச் சூரியன் விழுந்தது, விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நான்கு பேரும் அப்போது பேசவில்லை.

25 அக்டோபர், மதியம்

சேர்க்க மறந்தது: நவம்பர் கடைசியில் அங்கே மாலை 4 மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஐந்தரை என்று நான் சொன்னதை நம்பிப் போகாதீர்கள், மூன்றரைக்கே மேலே இருங்கள்.

26 அக்டோபர், இரவு 11.05

வெந்நீர்க் குளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புடா மலைகள் சமவெளியைத் தொடுகிற இடத்தில் பூமிக்கடியில் நீண்ட பிளவு ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் பூமியின் மேலோடும் மெல்லியது. ஆழத்தில் சூடான நீர் அந்தப் பிளவு வழியாக மேலே வருகிறது. நகருக்குள் மட்டும் 100-க்கும் மேல் ஊற்றுகள். சேச்சேனி குளியலகத்துக்கு வரும் நீர் 70 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வருகிறது, ஆற்றித்தான் குளத்தில் விடுகிறார்கள்.

சேச்சேனி 1913-ல் திறந்தது. (ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் இதே ஊரில் பிறந்ததும் அந்த ஆண்டுதான். அவருடைய அம்மா ஹங்கேரியர்.) மஞ்சள் மாளிகை, நடு முற்றத்தில் திறந்தவெளிக் குளங்கள். நாங்கள் சனி காலை எட்டரைக்கே போய்விட்டோம். காற்று 9 டிகிரி, நீர் 38. நீர்மேல் புகை எழுந்து எதிரில் இருப்பவர் முகம் கலங்கித் தெரியும். மார்பளவு நீரில் நின்றபடி இரண்டு தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டை கல் திட்டின்மேல், விரலிலிருந்து நீர் சொட்டக் காயை நகர்த்துகிறார்கள். ஒருவர் குதிரையைத் தூக்கிவிட்டு ரொம்ப நேரம் காற்றிலேயே வைத்திருந்தார். குதிரையின் கீழ்விளிம்பில் ஒரு துளி நீர் சேர்ந்து, பெருத்து, கட்டையில் விழுந்தது. அதற்கப்புறம்தான் வைத்தார்.

நான்கு பேரும் ஆறு வருடத்துக்கப்புறம் ஒன்றாகச் சேர்ந்திருந்தோம். அந்தக் குளத்தில் இரண்டரை மணிநேரம் இருந்தோம், யார் கையிலும் செல்பேசி இல்லை. ஒருத்தி வேலையை விட்டதை அங்கேதான் சொன்னாள். நான்கு மாதமாகக் குழுவில் தினமும் பேசுகிறோம், அதுவரை சொல்லவில்லை. நண்பர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் குளத்தைத்தான்.

துண்டும் செருப்பும் கொண்டுபோங்கள். நீச்சல் குளத்தில் மட்டும் தலைக்குத் தொப்பி கட்டாயம், வெந்நீர்க் குளங்களில் தேவையில்லை.

27 அக்டோபர், காலை

ஒரு திருத்தம். சிங்கங்களுக்கு நாக்கு உண்டு. கீழே நின்று பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். எங்களுக்குப் பாலத்தில் யாரோ சொன்ன கதையை விசாரிக்காமல் இங்கே எழுதிவிட்டேன்.

இன்னொன்று. வெந்நீர்க் குளம் என்றால் சேச்சேனி மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆற்றோரம் ருதாஷ் இருக்கிறது. புடா 1541 முதல் 1686 வரை ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது, அந்தக் காலத்தில் கட்டியது. எண்கோணக் குளம், மேலே கல் குவிமாடம், அதில் சிறு சிறு துளைகளில் வண்ணக் கண்ணாடி. வார நாட்களில் அங்கே ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நேரங்கள் உண்டு. சனி ஞாயிறில் எல்லோரும் போகலாம். நாங்கள் போக நேரம் இல்லை. அடுத்த முறை அங்கேதான் என்று நால்வரும் பேசி முடித்துவிட்டோம்.

30 அக்டோபர், இரவு 8.30

பணம். அங்கே யூரோ கிடையாது, ஃபோரிண்ட். நாங்கள் போனபோது ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 400. அட்டை எல்லா இடத்திலும் செல்லும். இயந்திரம் ‘யூரோவிலா, ஃபோரிண்டிலா’ என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஃபோரிண்டை அழுத்துங்கள். எங்களில் ஒருவன் யூரோவை அழுத்தினான். மற்றவர்கள் கொடுத்ததைவிட நல்ல தொகை அதிகம் போயிற்று.

ஓர் உணவகத்தில் பில்லிலேயே சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். அப்புறமும் டிப்ஸ் கேட்டார்கள், நாங்கள் கவனிக்காமல் கொடுத்துவிட்டோம். பெயர் வேண்டாம். பில்லின் அடிவரியைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள், போதும்.

விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு 100இ பேருந்து. அதற்குத் தனி டிக்கெட், சாதாரணப் பயண அட்டை செல்லாது. மற்றபடி 72 மணிநேர அட்டை எடுத்தால் மெட்ரோ, டிராம் எல்லாம் அதில் அடங்கும். ஒற்றை டிக்கெட் என்றால் மெட்ரோவில் ஏறுமுன்னும், டிராமில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். 2-ம் எண் டிராமில் ஒரு முறை முழுசாகப் போய்வாருங்கள், ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. முதல் மெட்ரோ பாதை 1896-ல் வந்தது, லண்டனுக்கு அப்புறம் ஐரோப்பாவில் மின்சாரத்தில் ஓடிய சுரங்க ரயில் அதுதான். இருபது முப்பது படி இறங்கினால் நிலையம், வெள்ளை ஓடு பதித்த குட்டிக் கூடம் மாதிரி. சேச்சேனிக்கு அதிலேயே போகலாம்.

1 நவம்பர்

சாப்பாடு. உங்களில் இருவர் சைவம் என்று எழுதியிருந்தீர்கள், எங்களிலும் ஒருத்தி சைவம்தான். அவள் பட்டினி கிடக்கவில்லை. லாங்கோஷ் என்று ஒன்று. ஈஸ்ட் போட்ட மாவைத் தட்டாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, மேலே பூண்டு நீர் தடவி, புளித்த க்ரீமும் துருவிய சீஸும் போட்டுத் தருவார்கள். விளிம்பு மொறுமொறு, நடு மெத்தென்று இருக்கும். இருவர் ஒன்றைப் பகிர்ந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. காய்களைக் கெட்டியாக வேகவைத்த ஃபேசெலேக் கிடைத்தால் அதையும் கேளுங்கள், ஆனால் இறைச்சித் துண்டை மேலே வைப்பது வழக்கம், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும்.

குயாஷ் அங்கே குழம்பு கிடையாது, சூப். மாடு மேய்ப்பவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். வெளியூரில் குலாஷ் என்று நமக்குத் தருகிற கெட்டிக் குழம்பின் பெயர் அங்கே பெர்கெல்ட். மேஜைமேல் சிவப்பு மிளகாய் விழுது இருக்கும். காரம் நம் நாக்குக்குப் பெரிதில்லை, உப்புதான் அதிகம். கரண்டி முழுக்க எடுத்துப் போட்டால் சூப் கெட்டது.

பெரிய சந்தைக் கட்டடம் (1897) சனி அன்றே பாருங்கள். ஞாயிறு திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

3 நவம்பர், இரவு 10.20

மொழி பற்றி ஒரு சின்னக் கிளைப் பேச்சு. ஹங்கேரிய மொழியில் ஹாஸ் என்றால் வீடு. ஹாஸக் வீடுகள். ஹாஸக்பன் வீடுகளில். நம் ஊர் மாதிரியே ஒட்டிக்கொண்டே போகிறது! அப்பாவுக்கு ‘அபா’ என்கிறார்கள். சதுக்கத்துக்கு ‘தேர்’. ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்மணி சொல்லித்தந்தார். நாம் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

4 நவம்பர், காலை

நேற்று எழுதியதை அப்படியே விட மனம் வரவில்லை. சொந்தம் ஒன்றும் இல்லை. அது யுராலிய மொழிக் குடும்பம், ஃபின்னிஷ் தூரத்து உறவு. நம்முடையது திராவிடம். விகுதி ஒட்டுவது துருக்கியிலும் ஜப்பானியத்திலும்கூட உண்டு. அபா, அப்பா எல்லாம் குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகள், பல மொழிகளில் அப்படித்தான். ஆனாலும் வேற்றுமை உருபோடு வளர்ந்த நமக்கு அந்த ஊர்ப் பெயர்ப்பலகைகள் சீக்கிரம் பிடிபடும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அவர்களுடைய தனி ‘எஸ்’ எழுத்தை ஷ என்று படிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர் வாயில் பெஸ்ட் என்பது பெஷ்ட்.

10 நவம்பர், ஞாயிறு மதியம்

முதல் நாளே சொல்ல நினைத்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

ரூயின் பார்கள் பெரும்பாலும் ஏழாம் வட்டாரத்தில் இருக்கின்றன. பழைய யூதக் குடியிருப்பு. தெரு வாசலில் ஒரு பெரிய கதவு, உள்ளே முற்றம், சுற்றிலும் ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கைப்பிடி போட்ட நடை, அதில் வரிசையாகக் குடித்தனங்கள். இந்த மாதிரி வீடுகள் பல பராமரிப்பில்லாமல் இடிந்து கிடந்தன. 2000-க்குப் பிறகு அவற்றில் உடைந்த நாற்காலி, பழைய குளியல் தொட்டி எல்லாம் போட்டு பார் வைத்தார்கள். காசின்ட்ஸி தெருவில் இருக்கிற சிம்ப்லா அதில் பேர்போனது. வெள்ளி இரவு நாங்களும் போனோம். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீடுகளில் முன்பு யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று அன்றிரவு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சனி மதியம் தோஹான்யி தெருவில் இருக்கிற யூத ஜெபக்கூடத்துக்குப் போனோம். ஐரோப்பாவிலேயே பெரியது, 1859. பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வார இறுதியில் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் வழி, அதனால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை மறுபடி போனோம். பக்கத்துத் தோட்டத்தில் வரிசையாகக் கல்லறைகள். 1944 கடைசியில் இந்தத் தெருக்களைச் சுற்றி அடைத்து யூதர்களை உள்ளே தள்ளினார்கள். ஏறக்குறைய 70,000 பேர். 1945 ஜனவரி 18 அன்று சோவியத் படை வந்து திறக்கும்வரை பசியிலும் குளிரிலும் செத்தவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோர் இந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பின்புறம் உலோகத்தால் செய்த வில்லோ மரம். ஒவ்வோர் இலையிலும் ஒரு பெயர். காற்றில் இலைகள் லேசாக உரசும்.

அங்கிருந்து ஆற்றுக்கு நடந்தோம். நாடாளுமன்றத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கரை விளிம்பில் 60 ஜோடி இரும்புச் செருப்புகள், பூட்ஸ்கள். 2005-ல் வைத்தது. திரைப்பட இயக்குநர் ஜான் தோகாய் யோசனை, சிற்பி டியூலா பவுவர் செய்தது. 1944 அக்டோபர் 15-ல் ஜெர்மனியின் துணையோடு ஆட்சியைப் பிடித்த அம்புச் சிலுவைக் கட்சியினர் (ஹங்கேரிய நாஜிகள்) யூதர்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். செருப்புக்கு விலை உண்டு என்பதால் கழற்றச் சொன்னார்கள். நாங்கள் நின்ற வாரத்தோடு அந்த ஆட்சி வந்து 80 ஆண்டு நிறைந்திருந்தது.

ஒரு குழந்தையின் பூட்ஸ் என் கைக்குள் அடங்கும் அளவு. நாடா அவிழ்ந்து கிடக்கிற மாதிரியே வார்த்திருக்கிறார்கள். உள்ளே துருநீர் கொஞ்சம் தேங்கியிருந்தது, அதில் எரிந்து முடிந்த ஒரு மெழுகுத்துண்டு, இரண்டு கூழாங்கல். பக்கத்தில் குதிகால் உயர்ந்த பெண் செருப்பு, ஒன்று சாய்ந்து கிடந்தது. ஒரு மாதம் முன்புதான் ஆறு 8 மீட்டருக்கு மேல் ஏறி அந்தக் கரைச்சாலையை மூழ்கடித்திருந்தது. கல் இடுக்குகளில் வண்டல் இன்னும் காயாமல் இருந்தது.

வெள்ளி இரவு நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தக் கரை நடந்துபோகிற தூரம்தான்.

10 நவம்பர், இரவு

மதியம் எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் பாருக்குப் போகக் கூடாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை. அந்த பார்கள் வராமல் போயிருந்தால் அந்த வீடுகளில் சிலவற்றை இடித்தே இருப்பார்கள். சிம்ப்லாவில் ஞாயிறு காலை விவசாயிகள் சந்தை நடக்கிறது. ஜெபக்கூடம் திறக்குமுன் நாங்கள் அங்கேதான் காலை சாப்பிட்டோம். இரவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற அதே முற்றத்தில் ஒரு பாட்டி தேன் விற்றுக்கொண்டிருந்தார். ரொட்டியும் சீஸும் ஆப்பிளும். வெயில் மேலிருந்து நேராக முற்றத்தில் இறங்கியது. அந்த இடம் ஒரு வீடு என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் சொல்வது நேரத்தை மாற்றிப் பாருங்கள் என்பதுதான்.

12 நவம்பர், காலை 6.50

இதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி இரவு ஒரு மணிக்கு நாங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பினோம். அதுவும் முற்றம் வைத்த பழைய வீடு, மற்ற வீடுகளில் ஊர்க்காரர்கள் குடியிருக்கிறார்கள். படிக்கட்டில் சத்தமாகச் சிரித்துக்கொண்டே ஏறினோம். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. வயதானவர், தோளில் கம்பளி. எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மூடிக்கொண்டார். மறுநாள் படிக்கட்டுச் சுவரில் ‘இரவில் அமைதி’ என்று நான்கு மொழியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தோம். முந்தின இரவே அது அங்கேதான் இருந்திருக்கும். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

2018-ல் ஏழாம் வட்டாரத்தில் பார்களை நள்ளிரவில் மூடலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், வாக்களித்தவர்கள் போதாமல் அது செல்லாமல் போனது. இந்த செப்டம்பரில் பக்கத்து ஆறாம் வட்டாரம் சுற்றுலாக்காரர்களுக்குக் குறுகிய கால வாடகை விடுவதை 2026 முதல் நிறுத்த வாக்களித்திருக்கிறது. எனக்கு அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அடுத்த முறை விடுதியில் தங்குவேன்.

19 நவம்பர், இரவு 9.15

நாடாளுமன்றத்துக்குள் போக வேண்டாம், வெளியே பார்த்தால் போதும் என்று உங்களுக்குத் தனிச்செய்தியில் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். நாங்கள் மூன்று பேர் வெளியே நின்றோம், ஒருத்தி மட்டும் முன்பதிவு செய்து உள்ளே போனாள். நேற்று அவளிடம் பேசினேன். அரைமணி கேட்டேன்.

குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர். மாஜர்கள் வந்த ஆண்டு 896 என்பதற்காக. புனித இஸ்த்வான் பேராலயமும் அதே 96. குவிமாடத்துக்குக் கீழே பழைய ஹங்கேரிய அரசர்கள் சூடிய புனித மகுடம், உச்சியில் இருக்கிற சிலுவை சாய்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிவில் அது அமெரிக்கர் கைக்குப் போய், 1978-ல்தான் திரும்பி வந்தது. அங்கே படம் எடுக்கக் கூடாது. அவளுக்குப் பிடித்தது வேறு. அவை மண்டபத்துக்கு வெளியே சன்னலோரம் பித்தளையில் சுருட்டு வைக்கிற தாங்கிகள், ஒவ்வொன்றுக்கும் எண். உறுப்பினர்கள் சுருட்டை வெளியே வைத்துவிட்டு உள்ளே போவார்கள். உள்ளே பேச்சு நன்றாக இருந்தால் வெளியே சுருட்டு எரிந்து தீர்ந்துவிடும். இதைக் கேட்டதும் போகாமல் விட்டோமே என்று ஆகிவிட்டது. உங்களுக்கு டிக்கெட் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். வார இறுதிக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்றே பாருங்கள்.

21 நவம்பர், இரவு

நாளை கிளம்புகிறீர்கள். உங்கள் திட்டத்தைப் பார்த்தேன், சனி காலை குளம், மதியம் சந்தை, மூன்றரைக்குக் கொத்தளம், இரவு பார். சரி. ஞாயிறில் மட்டும் ஒன்று. ஜெபக்கூடத்தை முடித்துவிட்டு ஆற்றங்கரைக்கு என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் அப்படித்தான் போனோம், கரைக்கு வந்தபோது பதினொன்றரை. செருப்புகளுக்கு நடுவில் நின்று படம் எடுக்கிற கூட்டம் வந்துவிட்டது. நீங்கள் கரைக்கு முதலில் போங்கள், எட்டு மணிக்குள். கரைச்சாலையில் வண்டிகள் வேகமாக வரும், குறுக்கே ஓடாமல் கடக்கும் இடத்தைத் தேடிக் கடங்கள். பூ வைக்க நினைத்தால் முந்தின நாளே சந்தைப் பக்கம் வாங்கி வையுங்கள், கரையோரம் பூக்கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் வெறுங்கையோடு போய்விட்டு, கடைசியில் ஒருத்தி தன் தலையில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து அந்தச் சின்ன பூட்ஸின் பக்கத்தில் வைத்தாள். நீல நாடா. அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.